ஆகாயக் கப்பலும் அதைக் கட்டிய கைகளும்

 

உங்கள் தோட்டத்துப் பந்துத் திடலை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள். அதைப் போன்ற இரண்டு திடல்களை நீளவாக்கில் ஒன்றை அடுத்து ஒன்றாக வைத்து, அதனோடு இன்னும் அரைத் திடலையும் சேர்த்தால் எவ்வளவு நீளம் வரும்? ஏறக்குறைய 245 மீட்டர். அத்தனை நீளமுள்ள ஒரு கப்பல், மனிதர்களையும் கட்டில்களையும் சமையலறையையும் சுமந்துகொண்டு, தலைக்கு மேலே மெல்ல மிதந்து போனால் எப்படி இருக்கும்? இது பாட்டி சொன்ன கதையன்று. 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு அப்படி ஒரு கப்பல் போய் வந்தது. அதன் பெயர் ஹிண்டன்பர்க்.

அந்தக் கப்பல் இன்று இல்லை. ஆனால் அதன் வரலாற்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் காட்சிசாலைகள் இருக்கின்றன. அங்கே போய் வர நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? கவலை வேண்டாம். வானொலியில் பயணம் செய்யக் கடவுச்சீட்டும் வேண்டியதில்லை, கப்பல் கட்டணமும் வேண்டியதில்லை. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆகாயக் கப்பல் வேறு, ஆகாய விமானம் வேறு. விமானம் காற்றைவிடக் கனமானது. வேகமாக ஓடி, இறக்கையின் உதவியால் மேலே எழுகிறது. இயந்திரம் நின்றால் அது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகாயக் கப்பலோ மிதக்கிறது. மூடிய காலி டின்னைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுங்கள். அது சட்டென்று மேலே வந்துவிடும். தண்ணீரைவிட இலேசானது தண்ணீரில் மிதப்பதுபோல், காற்றைவிட இலேசானது காற்றில் மிதக்கும். ஹைட்ரஜன் என்னும் வாயு காற்றைவிட மிக இலேசு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டர் உள்ள ஒரு பெட்டி அளவு ஹைட்ரஜன், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தூக்கும். ஹிண்டன்பர்க் கப்பலில் அப்படிப்பட்ட பெட்டிகள் 2 லட்சம் கொள்ளும் அளவுக்கு வாயு இருந்தது. அது எத்தனை டன் எடையைத் தூக்கியிருக்கும் என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி நமது பயணம். ஜெர்மனியின் தென் எல்லையில் கான்ஸ்டன்ஸ் ஏரி என்ற பெரிய ஏரி ஒன்று உண்டு. அக்கரையில் சுவிட்சர்லாந்து. இக்கரையில் பிரீட்ரிக்ஷாபன் என்ற ஊர். படகுத் துறையை ஒட்டினாற்போல், வெள்ளை நிறத்தில், அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு கட்டடம் நிற்கிறது. 1933இல் துறைமுக ரயில் நிலையமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1996ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அதுவே செப்பலின் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. ஜூலை 2 என்ற தேதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். ஹிண்டன்பர்க் கப்பலின் ஒரு பகுதியை, 33 மீட்டர் நீளத்துக்கு, உண்மையான அளவிலேயே மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். அலுமினிய ஏணிப்படி வழியாக ஏறி உள்ளே போகலாம். பயணிகள் உட்கார்ந்து பேசிய கூடம் இருக்கிறது. சாய்ந்த சன்னல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே அன்றைய பயணிகள் கடலைக் குனிந்து பார்த்தார்கள். படுக்கை அறைகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நீளம் ஆறரை அடி, அகலம் ஐந்தரை அடி, அவ்வளவுதான். மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள், மடித்து வைக்கக்கூடிய கைகழுவும் தொட்டி. ஒரு வழிப் பயணத்துக்கு அக்காலத்திலேயே 400 அமெரிக்க டாலர் கட்டணம். பெரும் செல்வர்கள் மட்டுமே போகக் கூடிய கப்பல் அது. அந்தச் செல்வர்களும் இவ்வளவு சிறிய அறையில்தான் படுத்தார்கள். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கிலோ எடையும் கணக்கு.

இத்தனையும் எப்படித் தொடங்கியது? பெர்டினாந்து செப்பலின் என்ற பிரபு, 1838இல் இதே ஏரிக்கரையிலுள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். படையில் பணியாற்றினார். 1863இல், தம் 25ஆவது வயதில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அமெரிக்காவுக்குப் போனவர், அங்கே முதன்முறையாக ஒரு பலூனில் மேலே ஏறிப் பார்த்தார். அந்த எண்ணம் அவர் மனத்தில் ஊறிக்கொண்டே இருந்தது. 1890இல் படையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 52. பலர் சாய்வு நாற்காலியைத் தேடும் வயதில் அவர் ஆகாயத்தைத் தேடினார்.

1900ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள். ஏரியின் மேல் மிதக்கும் கொட்டகை ஒன்றிலிருந்து, 128 மீட்டர் நீளமுள்ள முதல் கப்பல் வெளியே வந்து எழுந்தது. 18 நிமிடம் பறந்தது. பிறகு கோளாறு ஏற்பட்டு ஏரியில் இறங்கியது. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறப்பதற்கு 3 ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சி இது. காட்சிசாலை ஏன் ஜூலை 2இல் திறக்கப்பட்டது என்பது இப்போது விளங்கும். ஆனால் அந்த முதல் கப்பலுக்கு நேர்ந்தது என்ன? பணம் தீர்ந்துபோய், அதைப் பிரித்துப் பழைய இரும்பு விற்பதுபோல் விற்றுவிட்டார்கள். இரண்டாவது கப்பலை 1906இல் புயல் அழித்தது. மூன்றாவது நன்றாகப் பறந்தது. நான்காவது கப்பல் 1908 ஆகஸ்டு 5ஆம் நாள், எக்டர்டிங்கன் என்ற ஊரில் பழுது பார்ப்பதற்காக இறங்கியிருந்தபோது, திடீர்க் காற்று அதைக் கட்டறுத்துக்கொண்டு போயிற்று. கூடி நின்ற ஆயிரக்கணக்கான மக்களின் கண் முன்னே அது எரிந்து சாம்பலாயிற்று.

பிரபுவுக்கு அப்போது வயது 70. எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அன்றே மக்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். பணக்காரர்கள் மட்டுமா? தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தங்களால் முடிந்த காசை அனுப்பினார்கள். சில்லறை சில்லறையாகச் சேர்ந்து 60 லட்சம் மார்க்குக்கு மேல் குவிந்தது. அந்தப் பணத்தில் ஒரு கம்பெனியும் ஓர் அறக்கட்டளையும் அமைந்தன.

நேயர்களே, இங்கேதான் நீங்கள் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த அறக்கட்டளைக்கு ஒரு விதி எழுதி வைத்தார்கள். ஆகாயக் கப்பல் கட்டும் வேலை இனி நடவாது என்ற நிலை வந்தால், சொத்து அனைத்தும் பிரீட்ரிக்ஷாபன் நகரத்தைச் சேர வேண்டும். அது மக்களுக்கான நற்பணிகளுக்கே பயன்பட வேண்டும். 1947இல் அப்படியே அது நகரத்தின் கைக்கு வந்தது. அந்த அறக்கட்டளையின் வருமானம் இன்றும் அவ்வூரின் பாலர் பள்ளிகளுக்கும் கல்வி, கலைப் பணிகளுக்கும் போகிறது. கப்பல் போய்விட்டது. ஏழை கொடுத்த காசு போகவில்லை. 1908இல் சிறுவர் கொடுத்த சில்லறை, நூறாண்டு கடந்தும் வேறு சிறுவர்களுக்குப் பயன்படுகிறது. ஒழுங்காக எழுதி வைத்த ஒரு விதி செய்த காரியம் இது.

அடுத்து, கப்பலைக் கட்டிய கைகளைப் பார்ப்போம். கப்பலின் எலும்புக்கூடு டூராலுமின் என்ற இலேசான உலோகத்தால் ஆனது. அலுமினியத்தோடு செம்பு முதலியவற்றைச் சிறிதளவு கலந்து செய்வது அது. மெல்லிய பட்டைகளை ஆயிரமாயிரம் ஆணிகளால் இணைத்து உத்தரங்களாக்கினார்கள். வாயுவை அடைத்து வைக்கப் பெரிய பைகள் வேண்டும். 1900இல் பறந்த முதல் கப்பலின் பைகள் எதனால் ஆனவை தெரியுமா? ரப்பர் பூசிய பருத்தித் துணியால்! அப்போது மலாயாவின் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் கன்றுகள். உலகுக்கு வேண்டிய ரப்பர் பிரேசில் முதலிய நாடுகளின் காட்டு மரங்களிலிருந்து வந்தது. பின்னர் உலக ரப்பரில் பெரும் பங்கை மலாயாவும் சுற்றியுள்ள நாடுகளும் தந்த காலத்தில், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், டயர் செய்யும் குட்இயர் கம்பெனியே ஆகாயக் கப்பல்களும் கட்டியது. அந்தக் கம்பெனிக்குச் சுமத்ராவில் சொந்த ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு வந்து, நிரையில் நின்று மரம் சீவிய தொழிலாளி, தன் மங்கில் சொட்டிய பால் ஆகாயத்தில் மிதக்கும் என்று எண்ணியிருப்பாரா?

ரப்பர்த் துணி கனமாக இருந்ததால், பிறகு வேறொரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். மாட்டின் குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அது. ஒரு மாட்டிலிருந்து கிடைப்பது ஒரு சிறு துண்டு. பெரிய கப்பல் ஒன்றுக்கு லட்சக்கணக்கான மாடுகளின் சவ்வு வேண்டும். அதைச் சுரண்டி, கழுவி, கிழியாமல் விரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் துணியில் ஒட்ட வேண்டும். இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற இடத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். ஈரமும் நாற்றமும் நிறைந்த வேலை. ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் கப்பலுக்கு ஆபத்து. பிரபுவின் பெயர் உலகம் எங்கும் தெரியும். அந்தப் பெண்களின் பெயர்களை யார் அறிவார்?

ஆயினும் தொழிலாளர்களை முற்றும் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிரீட்ரிக்ஷாபனில் செப்பலின் கிராமம் என்ற குடியிருப்பு ஒன்று உண்டு. கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களுக்காக 1914 முதல் கட்டப்பட்டது. சிறு சிறு வீடுகள். வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம். அவற்றுள் ஒரு வீட்டையே இப்போது காட்சி வீடாக வைத்து, அக்காலத் தொழிலாளர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று காட்டுகிறார்கள். அரண்மனையைக் காட்சிக்கு வைப்பது எங்கும் உள்ள வழக்கம். தொழிலாளியின் சமையலறையும் வரலாறுதான் என்று அங்கே உணர்ந்திருக்கிறார்கள். பிராங்பர்ட் நகருக்கு அருகில் செப்பலின்ஹைம் என்ற ஊரும் உண்டு. கப்பல் ஊழியர்களின் குடும்பங்களுக்காக அமைந்த ஊர் அது. அங்கும் 1988இல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். கப்பலின் வளைந்த உடலைப் போலவே அதன் கட்டடமும் வளைந்திருக்கும்.

நல்ல காட்சிசாலை பெருமையை மட்டும் காட்டாது, சிறுமையையும் மறைக்காது. முதல் உலகப் போரில் இந்தக் கப்பல்கள் குண்டு போட்டன. 1915 ஜனவரியில் தொடங்கி, இங்கிலாந்தின் ஊர்களில் உறங்கிக் கிடந்தவர்கள் மேல் இரவில் குண்டுகள் விழுந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரபு 1917இல், போர் முடியுமுன்பே காலமானார். இரண்டாம் உலகப் போரின்போது இதே பிரீட்ரிக்ஷாபனில், சிறை முகாம் கைதிகளை வதைத்து ராக்கெட் பாகங்கள் செய்யும் வேலையில் ஈடுபடுத்தினார்கள். இவையும் அவ்வூர் வரலாற்றின் பக்கங்களே.

இரண்டு போர்களுக்கும் நடுவே ஒரு பொற்காலம் இருந்தது. 1928இல் கிராப் செப்பலின் என்ற கப்பல் பறக்கத் தொடங்கியது. ஹூகோ எக்னர் என்பவர் அதன் தலைவர். 1929 ஆகஸ்டில் அது அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, ஜெர்மனி, ஜப்பான் வழியாக உலகையே 21 நாளில் சுற்றி வந்தது. மொத்தம் 590 பயணங்கள். 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. ஒரு பயணிகூட அதில் காயப்படவில்லை. காரணம், எக்னரின் எச்சரிக்கை. வானிலை சரியில்லை என்றால், யார் சொன்னாலும் அவர் புறப்பட மாட்டார்.

இங்கிலாந்து கட்டிய ஆர் 101 என்ற கப்பலுக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. அப்போது இந்தியாவில் இருந்த கராச்சிக்குப் போக வேண்டும் என்று, போதிய சோதனை முடியாமலே, அமைச்சரையும் ஏற்றிக்கொண்டு அவசரமாகப் புறப்பட்டது. 1930 அக்டோபர் 5ஆம் நாள் பிரான்சில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் இறந்தனர்.

இனி ஹிண்டன்பர்க்கின் முடிவைக் கேளுங்கள். ஹீலியம் என்ற வாயு எரியாது. அதை நிரப்பும் எண்ணத்தோடுதான் ஹிண்டன்பர்க் திட்டமிடப்பட்டது. ஆனால் ஹீலியம் அமெரிக்காவிடமே பெருமளவில் இருந்தது; அதை வெளிநாட்டுக்கு அனுப்ப அந்நாட்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. ஆகவே தீப்பற்றும் ஹைட்ரஜனையே நிரப்பினார்கள். ஹிட்லர் அரசு அந்தக் கப்பலின் வாலில் தன் சின்னத்தை வரைந்து, விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டது. 1937 மே 6ஆம் நாள் மாலை, அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் கப்பல் இறங்க வந்தது. கயிற்றைப் பிடித்து இழுக்க இருநூறுக்கும் மேற்பட்டோர் தரையில் காத்திருந்தனர். திடீரென்று வால் பக்கம் தீ. ஒரு நிமிடம் ஆகுமுன் அவ்வளவு பெரிய கப்பல் தரையில் கிடந்தது. கசிந்த ஹைட்ரஜன் மின்பொறியால் பற்றிக்கொண்டது என்பதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேர் இறந்தனர். 36ஆவதாக ஒருவரும் இறந்தார். அவர் கப்பலில் வந்தவர் அல்லர். தரையில் நின்று கயிறு பிடிக்க வந்த தொழிலாளி.

அன்று அங்கே ஒரு வானொலிச் செய்தியாளர் இருந்தார். ஹெர்பர்ட் மாரிசன் என்பது அவர் பெயர். கண்ட காட்சியைக் குரல் தழுதழுக்க அவர் ஒலித்தட்டில் பதிவு செய்தார். மறுநாள் அது ஒலிபரப்பாயிற்று. இன்றும் அந்தக் குரலைக் கேட்கலாம். பார்க்காத ஒன்றைக் கேட்டே கண்ணீர் விட முடியும் என்று வானொலி அன்று காட்டியது. கப்பல் விழுந்த இடத்தைச் சங்கிலியால் எல்லை கட்டி நினைவுக்களமாக்கியிருக்கிறார்கள். முன்கூட்டிப் பெயர் பதிந்துகொண்டு போகிறவர்கள் அதையும், பழைய கப்பல் கொட்டகையையும் பார்க்கலாம்.

அந்த விபத்தோடு பயணிகள் கப்பல்களின் காலம் முடிந்தது. எஞ்சியிருந்த கிராப் செப்பலினையும், அதே பெயரில் பின்னர் கட்டிய இன்னொரு கப்பலையும் 1940இல் பிரித்து, உலோகத்தைப் போர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உலகத்தைச் சுற்றிய கப்பலுக்கு அதுதான் கதி.

ஆகவே காட்சிசாலை அமைக்க வந்தவர்களுக்கு முழுக் கப்பல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிறகு எதைக் கொண்டு அந்த 33 மீட்டரைக் கட்டினார்கள்? யாரோ பத்திரப்படுத்தியிருந்த வரைபடங்களைக் கொண்டு. பழைய புகைப்படங்களைக் கொண்டு. அது ஒரு பாடம் அல்லவா? பெரிய பொருளை அரசாங்கம் உருக்கிவிட்டது. சின்னப் பொருளை மக்கள் காத்து வைத்தார்கள். சின்னதைக் கொண்டு பெரியதை மீண்டும் எழுப்பினார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. 1997 முதல் அதே ஊரில் புதிய வகைச் செப்பலின்கள் பறக்கின்றன. நீளம் 75 மீட்டர். உள்ளே எரியாத ஹீலியம். பழைய தவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களின் கப்பல் அது.

நேயர்களே, எந்தக் காட்சிசாலைக்குப் போனாலும் பிள்ளைகளை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இதைச் செய்த கைகள் யாருடையவை? இது எங்கே தவறியது? இதை இதுவரை காத்து வைத்தவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் காட்சிசாலையே நல்ல காட்சிசாலை.

வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பரணையும் பாருங்கள். பாட்டனார் மரம் சீவிய கத்தி அங்கே துருப்பிடித்துக் கிடக்கலாம். பழைய மங்கு ஒன்றில் யாரோ ஆணி போட்டு வைத்திருக்கலாம். லயத்து வாசலில் எடுத்த மங்கிய புகைப்படம் ஒன்று பெட்டியின் அடியில் இருக்கலாம். எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் புதிய வீடுகள் எழுந்துவிட்டன. இடம் மாறிப் போகும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தப் பொருள்கள்தாம். எறியாதீர்கள். துடைத்து வையுங்கள். படத்தின் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும்.

ஏரிக்கரையில் ஒரு தொழிலாளியின் வீடு காட்சி வீடாக நிற்கிறது. நம் வீடும் நிற்கத் தகுந்ததுதான். அதற்கு வேண்டியதை இன்று நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.